சல்லடை தவறவிட்ட மீன்கள்

இயக்குநர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் நின்றுகொண்டார். மேசைமேல் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே ஓர் ஏரியின் படம். ஏரி என்று சொன்னால்தான் ஏரி என்று தெரியும். கரையிலிருந்து கரை வரை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. நடுவில் ஒரு படகு, புல்வெளியில் யாரோ மறந்துவிட்டுப்போன செருப்பு மாதிரிக் கிடந்தது.

“சாயங்காலம் செயலாளர் கையெழுத்துப் போடணும். அதுக்குள்ள எனக்கு ஒரு வரி வேணும்” என்றார்.

என்ன வரி என்று கேட்டாள் என் நாத்தனார்.

“அந்தப் பொண்ணு மருந்து கம்பெனிகிட்ட காசு வாங்கியிருக்குன்னு.”

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் படகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் போன பிறகு எனக்கு இப்படி ஆகிவிட்டது. யார் என்ன சொன்னாலும் முகம் மாறுவதில்லை. துப்பறிகிறவளுக்கு அது நல்லது என்கிறார்கள். எங்கள் துப்பறியும் நிறுவனம் அவருடையது. அவர் தங்கை அன்றும் உதவியாளர், இன்றும் உதவியாளர். நாற்காலியில் மட்டும் ஆள் மாறியிருக்கிறது.

இயக்குநர் விஷயத்தைச் சொன்னார். அவருடைய அலுவலகத்தின் வேலை விரைவுச் சான்றாய்வு. அரசு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும்போது, அதைப் பற்றி உலகத்தில் வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் தேடி எடுத்து, தேறாததைக் கழித்து, தேறியதைச் சுருக்கிச் சில வாரங்களில் கையில் கொடுத்துவிடுவார்கள். முழுமையாகச் செய்தால் வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை எந்த ஏரியும் காத்திருக்காது. இந்த ஏரிக்கு வந்த கேள்வி, களைக்கொல்லி அடித்தால் மீனுக்கு ஆபத்தா என்பது. ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை என்று அறிக்கை சொன்னது. மருந்து அடிக்க உத்தரவும் தயாரானது.

அப்போதுதான் ஏரிகளை ஆராயும் பேராசிரியர் ஒருவர் செயலாளருக்கு எழுதினார். வேறோர் ஏரியில் இதே மருந்து அடித்த பிறகு கரை முழுக்க மீன் மிதந்ததை அவர் ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார். துறையில் அதைத் தெரியாதவர் கிடையாது. அந்த ஆய்வு அறிக்கையில் இல்லை. விலை போய்விட்டார்கள் என்று அவர் பத்திரிகைக்காரர்களிடமும் சொல்லிவிட்டார்.

எதை எடுப்பது, எதைக் கழிப்பது என்று படித்துப் பார்த்துப் பிரித்தவள் ஒரே ஒருத்தி. அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். அவளுடைய தங்கை புருஷன் மருந்து கம்பெனியில் விற்பனை அதிகாரி.

“தங்கச்சி புருஷன்” என்று இயக்குநர் இரண்டு முறை சொன்னார். சாயங்காலம் செயலாளர் நடத்தும் கூட்டத்தில் அவளை இடைநீக்கம் செய்வதாக அறிவிக்கப் போகிறார். அப்புறம் அவளை எந்த அலுவலகமும் சேர்த்துக்கொள்ளாது. அதை அவரே சொன்னார், வருத்தப்படுகிற மாதிரியும் இருந்தது.

“முடிவை எழுதிட்டுச் சான்று தேடுறீங்க. உங்க ஆபீஸ்ல அது தலைகீழாத்தானே நடக்கணும்?” என்றாள் நாத்தனார்.

அவர் சிரிக்கவில்லை. கழித்த ஆய்வுகளும் காரணங்களும் உள்ள பின்னிணைப்பு வெளியாகிவிட்டதா என்று நான் கேட்டேன். இன்னும் தயாராகவில்லை, வெளியாள் யாரும் பார்க்கவில்லை என்றார்.

சல்லடையின் அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. யாராவது ஏறினால் தலைக்கு மேல் செருப்புச் சத்தம் கேட்கும். நாற்பது வயது இருக்கும் அவளுக்கு. தலைமுடியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தாள். திரையில் ஆய்வுத் தலைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. வேண்டும், வேண்டாம், வேண்டாம் என்று அழுத்திக்கொண்டிருந்தாள். வேறு ஏதோ கேள்வி, காற்று மாசு பற்றியது. சாயங்காலம் வேலை போகப் போகிறவள் அடுத்த வேலையைச் செய்துகொண்டிருந்தாள்.

“நான்தான் கழிச்சேன்” என்றாள், நாங்கள் கேட்பதற்கு முன்பே.

தங்கை புருஷனைப் பற்றி நாத்தனார் கேட்டாள். சல்லடை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வீட்டைப் பாகம் பிரித்த நாளிலிருந்து தங்கையோடு பேச்சுவார்த்தை இல்லை, தங்கை பையனின் பள்ளிக்கூட விழாவுக்கும் போகவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை என்றாள்.

“லஞ்சம் குடுக்குற அளவுக்குக்கூட உறவு நல்லா இல்லைன்னு சொல்லுங்க” என்றாள் நாத்தனார்.

சல்லடையின் உதடு கொஞ்சம் அசைந்தது.

ஏன் கழித்தாள் என்பதையும் அவள் மறைக்கவில்லை. தேடத் தொடங்கும் முன்பே எந்த மாதிரி ஆய்வை ஏற்பது என்று விதி வகுத்துவிடுவார்கள். பாதியில் வகுத்தால், பிடித்ததை வைத்துக்கொண்டு பிடிக்காததைத் தள்ளிவிட்டதாகப் பேச்சு வரும். இந்த வேலைக்கு வகுத்த விதிகளில் ஒன்று, மருந்து அடித்துச் செத்த களையைத் தண்ணீரிலிருந்து வாரி எடுத்துவிட்ட ஆய்வுகளைத்தான் ஏற்க வேண்டும் என்பது. செத்த களை தண்ணீரிலேயே கிடந்தால் அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கும் காற்றைத் தின்றுவிடும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். அப்போது மீனைக் கொன்றது மருந்தா, அழுகலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

“நியாயமாத்தானே இருக்கு” என்றாள் நாத்தனார்.

“நியாயம்தான். பேராசிரியர் ஆய்வுல களையை வாரலை. அதனால போச்சு. இதே விதியில இன்னொண்ணும் போச்சு. அதுல மீனுக்கு ஒண்ணும் ஆகலைன்னு போட்டிருந்தது. அதையும் கழிச்சேன்.”

விதியைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டேன். முதல் நாள் நிபுணர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் நடத்துவார்கள். மருந்து கம்பெனி ஆள், துறைப் பொறியாளர், பேராசிரியர்கள் என்று பலரும் வருவார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று எங்கும் பதியமாட்டார்கள். அப்போதுதான் மனம்விட்டுப் பேசுவார்கள்.

“அந்த அறையில பேசினது அந்த அறையோட. நானும் ஒத்துக்கிட்டுத்தான் உள்ள உட்கார்ந்தேன்.”

“சொல்லலைன்னா வேலை போகும்” என்றேன்.

“தெரியும் மேடம்.”

மேலே யாரோ படியேறினார்கள். அவள் இன்னொரு தலைப்புக்கு வேண்டாம் என்று அழுத்தினாள். அவள் குரலில் பயம் இல்லை, கோபமும் இல்லை. தைரியம் என்று யாராவது நினைக்கலாம். எனக்கு அந்தக் குரல் பழக்கமானது. மரணச் சான்றிதழில் பெயரைச் சரிபார்க்கச் சொன்ன எழுத்தருக்கு நான் பதில் சொன்ன குரல் அது. எழுத்துப் பிழை இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

காரில் ஏறியதும் நாத்தனார் சந்தேகத்தைச் சொல்லிவிட்டாள். விதியைக் கொண்டுவந்தது மருந்து கம்பெனி ஆள்தான், இதில் துப்பறிய என்ன இருக்கிறது, திரும்பிப் போய்த் தூங்கலாம் என்றாள். இருக்கலாம் என்றேன். அவள் சிவப்பு விளக்கில் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணி, காலையில சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன்.”

“என்ன சாப்பிட்டீங்க?”

எனக்குத் தெரியவில்லை. தட்டு நினைவிருந்தது, அதைக் கழுவியதும் நினைவிருந்தது. தட்டில் என்ன இருந்தது என்று யோசித்தேன். பச்சை விளக்கு விழுந்து பின்னால் வண்டிகள் ஒலியெழுப்பின.

“தினம் எங்கம்மா போன் பண்ணி, அண்ணி சாப்பிட்டாளான்னு கேக்குறாங்க” என்றாள், வண்டியை எடுத்தபடி. “சாப்பிட்டாங்கன்னு நானும் சொல்றேன். நீங்களும் பொய் சொல்லலை, நானும் பொய் சொல்லலை. ஆனா அம்மா நிம்மதியாத் தூங்குறாங்க பாருங்க, அதுதான் தப்பு.”

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். அவள் அண்ணன் இறந்த அன்றுகூட, ஆம்புலன்ஸ்காரரிடம் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி, இனிமேல் அவசரம் இல்லை என்று சொன்னவள் அவள். ஆனால் எனக்கு அந்தப் பேச்சு மனதில் எங்கோ இடறியது. வலிக்கவில்லை. மரத்துப்போன காலைத் தரையில் ஊன்றுவது போல, அங்கே கால் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

எல்லோரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அறிக்கையில் உள்ள ஆய்வுகள் பொய்யில்லை. கழித்தவள் ஏமாற்றவில்லை. களையை வாரி எடுத்துவிட்டால் மீன் பிழைக்கும். அறிக்கை அவ்வளவுதான் சொல்கிறது. வாரி எடுக்கப் போகிறார்களா என்று யாரும் கேட்கவில்லை.

“ஏரிக்குப் போ” என்றேன்.

ஏரிக்கரையில் வேலை தொடங்கத் தயாராக இருந்தார்கள். நீல பீப்பாய்கள் வரிசையாக நின்றன. விசைப்பம்பு பொருத்திய படகுகள், சுருட்டி வைத்த குழாய்கள், முகமூடிகள், ரப்பர் பூட்ஸ் எல்லாம் இருந்தன. ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி ஒருவர் பீப்பாய் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் யார் என்று அவர் கேட்கவில்லை. காரில் வந்து இறங்குகிறவர்கள் அதிகாரிகள்தான் என்று அவருக்கு முடிவாகத் தெரிந்திருந்தது.

நாத்தனார் கரையோரமாக நடந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தாள். திருட்டு நடந்த வீட்டில் இல்லாததைத் தேடாதே, இருக்கிறதை எண்ணு என்று அவளுடைய அண்ணன் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவள் அதை எப்போதும் மாற்றித்தான் செய்வாள்.

“எல்லாம் இருக்கு மேஸ்திரி. வாருறதுக்கு ஒண்ணையும் காணோமே? கொக்கி, வலை, லாரி, ஒண்ணும் இல்லை?”

“எதை வாரணும்?”

“செத்த களையை.”

மேஸ்திரி அவளை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். அது அவர்கள் ஒப்பந்தத்தில் இல்லை என்றார். மருந்து அடிப்பதோடு வேலை முடிந்தது. களை பழுத்து, கருத்து, தானாக அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

“மீனு?”

“மீனு நம்ம டிபார்ட்மெண்ட் இல்லீங்களே” என்றார் அவர், மீதித் தேநீரைக் கரையில் கொட்டியபடி.

நாத்தனார் காருக்குத் திரும்பிச் சாவியைப் போட்டாள். பிறகு, சரி, விதியை எழுதிய புண்ணியவானைப் பார்க்க மருந்து கம்பெனிக்குத்தானே போகிறோம் என்றாள். பேராசிரியர் வீட்டுக்கு என்றேன். அவர் பாதிக்கப்பட்டவர் ஆயிற்றே என்றாள். அந்த அறையில் இருந்தவர்களில் நடந்ததைச் சொல்லும் அளவுக்கு அவருக்கு மட்டும்தான் கோபம் இருக்கிறது, கோபம் இருக்கிறவர்கள் கட்டுப்பாட்டைப் பார்த்துப் பேசமாட்டார்கள் என்றேன்.

பேராசிரியர் நல்லவராகத் தெரிந்தார். உயிரில்லாத தண்ணீரின் நாற்றத்தை அவர் விவரித்த விதத்தில் அவர் மனைவி தேநீர்த் தட்டை எங்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தார். தன் ஆய்வை ஏன் தூக்கினார்கள் என்று இன்றுவரை தனக்குச் சொல்லவில்லை, காரணம் என்னவென்றே தெரியாது, தெரிந்தால் பதில் சொல்லிவிடுவேன் என்றார். பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

முதல் நாள் கூட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அவருக்கும் அந்த ஒப்பந்தம் நினைவிருந்தது. அறையில் பேசியதைச் சொல்லக் கூடாது என்றார். மருந்து கம்பெனி ஆள் வாயே திறக்கவில்லை, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதை மட்டும் சொன்னார்.

நாத்தனார் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டே, உங்களோடது மட்டுமா சார் விடுபட்டுப்போச்சு, வேற யாரோடதும் இப்படிப் போயிருக்குமா என்று ஆறுதலாகக் கேட்டாள்.

“இன்னொருத்தனோடதும் இல்லை. ஆனா அது போனது சரி. செத்த களையை அப்படியே தண்ணியில விட்டுட்டு, மீனுக்கு ஒண்ணும் ஆகலைன்னு எழுதியிருக்கான். அதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?”

“அந்த இன்னொருத்தன் என் தம்பிங்க” என்றார் மனைவி, எங்களைப் பார்த்து. “ரெண்டு பேரும் ஒரே காலேஜ். கல்யாணத்துக்கு முன்னாடி உயிர் நண்பர்கள். இப்ப இவர் இருக்கிற வீட்டுக்கு அவன் வர்றதில்லை.”

“மச்சானாவது மண்ணாவது” என்றார் பேராசிரியர்.

நான் தேநீரைக் குடித்து முடித்தேன். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம். கார்க் கதவைச் சாத்தும் வரை நாத்தனார் பொறுத்துக்கொண்டாள்.

“அண்ணி, பின்னிணைப்பு வெளியாகலை. தன்னோடது ஏன் போச்சுன்னு தெரியாதவருக்கு மச்சானோடது ஏன் போச்சுன்னு மட்டும் எப்படித் தெரியும்?”

“அது போறதுக்குத்தானே விதியை எழுதினார்.”

அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். “சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டாரே மனுஷன்” என்றாள். மருந்து கம்பெனி ஆள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதும் அவளுக்கு அப்போது விளங்கியது. பேராசிரியர் அவனுக்கு வேலையே வைக்கவில்லை. எல்லோரும் சல்லடையின் தங்கை புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இவருடைய மச்சானை யாரும் பார்க்கவில்லை என்றாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பினால் வந்த கண்ணீர்தான் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்டுபிடித்ததும் வரும் என்று என் கணவர் சொல்லும் அந்தச் சின்ன சந்தோஷமும் வரவில்லை. விடை கிடைத்திருக்கிறது, சாயங்காலம் நெருங்குகிறது என்று மட்டும் தெரிந்தது.

கூட்ட அறைக்கு வெளியே இயக்குநரைப் பிடித்தோம். அவள் ஒன்றும் வாங்கவில்லை, விதிப்படிதான் கழித்தாள், விதியைக் கொண்டுவந்தவரே இன்று புகார் சொல்கிறார் என்றேன். அவர் யார் என்று இயக்குநர் கேட்கவில்லை. முதல் நாள் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியதே இயக்குநர்தான், கேட்கத் தேவையில்லை. நான் இதைக் கவனித்ததை அவரும் கவனித்தார்.

“அந்தப் பொண்ணு என்கிட்ட வந்து சொல்லிச்சு” என்றார், சுவரைப் பார்த்து. “பேராசிரியர் ஆய்வு இந்த விதியில போகுது, விதியே தப்போன்னு தோணுதுன்னு. நான்தான் வேண்டாம்னேன். நடுவுல மாத்தினா, முடிவு பிடிக்காம மாத்திட்டோம்னு சொல்வாங்க. அப்படிச் சொல்லி ஒரு ஆபீஸையே இழுத்து மூடினதை நான் பார்த்திருக்கேன்மா.”

“அப்புறம் எதுக்கு அவங்க பேர்ல பழி?”

“யாராவது ஒருத்தர் வேணுமே.”

அறையில் பேசியது அறையோடு இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அதை நான் உடைத்தால் இனி எந்த நிபுணரும் இந்த அலுவலகத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள், அடுத்த ஏரிக்கு உண்மை பேச ஆள் இருக்காது. அதுவும் பொய்யில்லை. அன்று முழுக்க நான் ஒரு பொய்கூடக் கேட்கவில்லை.

கூட்ட அறையில் நீள மேசை. தலைப்பக்கம் செயலாளர் அம்மா, அவர் முன்னால் உத்தரவு, அதன்மேல் மூடி கழற்றிய பேனா. ஒரு பக்கம் பேராசிரியர். எதிரே இயக்குநர். கதவோரம் சல்லடை, கையை மடியில் கோத்துக்கொண்டு. நாங்கள் சுவரோர நாற்காலிகளில் உட்கார்ந்தோம்.

செயலாளர் என்னைத்தான் முதலில் கேட்டார். இயக்குநர் என்னைப் பார்த்தார். அவர் கேட்ட அந்த ஒரு வரியை நான் சொல்லவில்லை. அவள் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை என்றேன். மருந்துக்கு மீன் சாகுமா என்று அறிக்கை பார்த்திருக்கிறது, செத்த களை அழுகுவதை அது கணக்கிலேயே எடுக்கவில்லை, ஏரிக்கரையில் களையை வார ஒரு கொக்கிகூட இல்லை என்றேன். பேராசிரியரின் ஆய்வைக் கழித்தது ஒரு விதி, அந்த விதி முதல் நாள் கூட்டத்தில் வந்தது என்பதையும் சொன்னேன்.

“யார் கொண்டுவந்தாங்க?” என்று செயலாளர் இயக்குநரைக் கேட்டார்.

இயக்குநர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார். திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. செயலாளர் கதவுப் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க.”

“அதைச் சொல்லக் கூடாதுங்க” என்றாள் சல்லடை.

“சொல்லலைன்னா தப்பு உங்க மேலதான் நிக்கும். தெரியும்ல?”

“தெரியுங்க.”

பேராசிரியர் அவளை எரிப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, அல்லது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அவருக்கு இன்னும் விளங்கவில்லை. தான் எழுதிய விதி மச்சானின் ஆய்வைக் கழித்ததோடு தன் வேலையை முடித்துக்கொண்டது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த அறையில் பேசியதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த அறைக்கு வெளியே, வெயிலில், ஓர் ஏரிக்கரையில் நடந்ததைக் கேட்கலாம்.

“சார், உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்” என்றேன். “உங்க ஆய்வு நடந்த ஏரியில மருந்து அடிச்ச பிறகு செத்த களையை வாரி எடுத்தீங்களா?”

“எப்படி எடுக்கிறது? அது அழுகினதாலதானே மீன்...”

அவர் நிறுத்தினார்.

வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நான்தான்” என்றார். “அந்த விதியை நான்தான் கொண்டுவந்தேன். என்னோடது அழுகலைப் பத்தின ஆய்வு, அதுல யாரும் கைவைக்க மாட்டாங்கன்னு... இல்லை. அதைக்கூட நினைக்கலை. விதியைச் சொல்லும்போது எனக்கு என் மச்சான் முகம்தான் தெரிஞ்சுது.”

செயலாளர் மூடியை எடுத்துப் பேனாவை மூடினார். உத்தரவை மடித்து ஓரமாக வைத்தார். அதன்பின் பேசியதெல்லாம் சுருக்கமாகவே நடந்தது. மருந்து அடிப்பது நிறுத்தி வைக்கப்படும். மழைக்கு முன்பு புதிதாக ஒரு விரைவு ஆய்வு வேண்டும். பேராசிரியர் பத்திரிகைக்காரர்களைத் தானே கூப்பிட்டுப் பேசுவதாகச் சொன்னார். பிறகு எழுந்து சல்லடை அருகே போய் நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார் என்று நினைக்கிறேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

“நீங்க வேலையைத் தொடரலாம்மா” என்றார் செயலாளர். இயக்குநர் வேகமாகத் தலையாட்டினார்.

சல்லடை எழுந்து நின்றாள். அவளுடைய கோத்த கைகள் பிரிந்தன. விரல்கள் அழுத்திய இடங்களில் வெள்ளையாகத் தடம் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அங்கே இரத்தம் ஏறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வர்றேங்க. ஆனா இந்த முறை கேள்வியை நான் எழுதுவேன். விதியும் அதுக்கு அப்புறம்தான். அது முடியாதுன்னா என்னை இன்னைக்கு நீக்கினதாவே இருக்கட்டும்.”

இயக்குநர் ஏதோ சொல்லத் தொடங்கினார். செயலாளர் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, என்ன கேள்வி என்று அவளைக் கேட்டார்.

“இந்த ஏரியில, இவங்க செய்யப்போற மாதிரியே செஞ்சா, மீன் பிழைக்குமா?”

எழுதிக்கொள்ளுங்கள் என்றார் செயலாளர். இயக்குநர் ஒரு தாளை இழுத்து எழுதினார். ‘செய்யப்போற மாதிரியே’ என்ற இடத்துக்கு வந்ததும் அவர் கை நின்றது. சல்லடை மேசை வரை நடந்துபோய், அந்த இடத்தை அவருக்கு இன்னொரு முறை சொன்னாள், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அவர் எழுதி முடிக்கும் வரை.